மறுத்தார்

மைனஸ் இருபத்தேழு.
எஞ்சின் உறையாதிருக்க
காரின் மூக்கில் தொங்கும் வயரை
ஆஸ்பத்திரிச் சுவரில் செருகிவிட்டு
ஏழு மணி ஷிப்டுக்கு உள்ளே போனேன்.
ஏஜென்சி அட்டையில் என் பெயர்
இந்த வாரமும் கிர்ஸ்டி ஆல்டோ.
ஆல்டோனன் அச்சில் பாதியோடு நின்றிருந்தாள்.

பதினான்கு வருடம் எலும்பு வார்டு.
தண்டர் பேயின் ஐஸ் உடைத்த மணிக்கட்டுகள்,
மரமறுக்கும் ரம்பம் கடித்த தொடை,
ஹாக்கிப் பையன்களின் காறை எலும்பு.
இடுப்பு மாற்றிய ஆள்
முதல் அடிக்கு முன் என்ன பொய் சொல்வான் என்பதும் தெரியும்.
மாவுக்கட்டுக்குக் கீழே ஒரு கால்விரல் சில்லிட்டால்
இருட்டிலும் கண்டுபிடிப்பேன்.

"இன்னிக்கு நாலாவது மாடி" என்றாள் கொலீன் டெரோஷே,
திரையிலிருந்து கண்ணெடுக்காமல்.
"குறைமாசக் குழந்தைகள். ரெண்டு பேர் வரல."

போய்ப் பார்த்தேன்.
கண்ணாடிப் பெட்டிக்குள்
எழுநூற்று நாற்பது கிராம்.
காலையில் நான் வாங்கிய கம்பு ரொட்டி
இதைவிடக் கனம்.
தொடை, என் சுண்டுவிரல்.
திரையில் ஓர் எண் இறங்கியது,
நின்றது,
ஏறியது.
இறங்கியது ஆபத்தா,
இல்லை அந்த உயிர் மூச்சுவிடும் விதமே அதுதானா?
மருந்துச் சீட்டில் புள்ளிக்குப் பின் ஒரு பூஜ்யம்.
அதன் பின் இன்னொன்று.
என் கைகள் தாமாகவே
சட்டைப் பைக்குள் போய் ஒளிந்துகொண்டன.

கீழே வந்து சொன்னேன்:
துணி மாற்றுகிறேன். பாட்டில் கழுவுகிறேன்.
போன் எடுக்கிறேன். விடியும்வரை விழித்திருக்கும்
அம்மாக்களுக்கு நாற்காலி இழுத்துப் போடுகிறேன்.
குழந்தையை மட்டும் என் பெயரில் எழுதாதே.
எனக்குத் தெரியாது.

"நர்ஸ்தானே நீ?"

ஆமாம் என்றேன்.
வேறென்ன சொல்ல.

"ஒரு மணி நேரம் யாராவது சொல்லித் தரட்டுமா?"

ஒரு மணி நேரத்தில்
இந்த ஊர்ப் பனியில் பிரேக் போடக்கூட
நான் கற்றுக்கொள்ளவில்லை.

டொரொன்டோவிலிருந்து ஏஜென்சிப் பையன் கூப்பிட்டான்,
பிரேடன், ரொம்ப மரியாதை.
அவன் பின்னால் யாரோ சிரித்தார்கள்.
இந்த ஷிப்டுக்குச் சம்பளம் கிடையாதாம்.
மோட்டல் காசைப் பிடித்துக்கொள்வார்களாம்.
இனி இந்த ஆஸ்பத்திரிக்கு என்னை அனுப்பமாட்டார்களாம்.
குளிர்கால டயருக்கு இன்னும் மூன்று தவணை இருப்பதை
அவனிடம் சொல்லவில்லை.

கையெழுத்து வாங்க ஒரு படிவம்.
காரணத்துக்கு நேரே ஏற்கெனவே அச்சாகியிருந்தது: மறுத்தார்.
மாட்டேன் என்று நான் சொல்லவில்லை, கொலீன்.
முடியாது என்றும் சொல்லவில்லை.
தெரியாது என்றேன்.
அவள் பட்டியலை மேலும் கீழும் உருட்டிப் பார்த்தாள்,
உண்மையாகவே தேடினாள்.
"அப்படி ஒண்ணு இதுல இல்ல" என்றாள்.
"உதவிக்கு ஆள் இருக்கு.
நர்ஸ்தான் இல்ல. நீ போகலாம்."

கோட்டை நாலாவது மாடியில் விட்டிருந்தேன்.
எடுக்கப் போனபோது
பெர்னீஸ் மூனியஸ் என்ற நர்ஸ்
ஏற்கெனவே இருந்த இரண்டு பெட்டிகளின் பக்கம்
அந்த மூன்றாவதையும் மெல்ல உருட்டிக்கொண்டிருந்தாள்.
சக்கரம் ஒருமுறை கிறீச்சிட்டது.
அவள் என்னைத் திட்டவில்லை.
நிமிர்ந்து பார்க்கவும் இல்லை.
பிரேடனுக்குப் பதில் இருந்தது, கொலீனுக்கும் இருந்தது.
அந்தச் சக்கரத்துக்கு
என்னிடம் இல்லை.

வெளியே வயரைப் பிடுங்கினேன்.
குச்சியாக விறைத்திருந்தது.
எஞ்சின் முதல் திருகலிலேயே கிளம்பிவிட்டது,
கொஞ்சம் அடம்பிடித்திருக்கலாம்.
நாலாவது மாடி ஜன்னல் எது என்று எண்ணி,
விட்டு,
மறுபடி எண்ணினேன்.

சூடு வரும்வரை
பூட்ஸுக்குள் கால்விரல்களை
நோயாளிகளை அசைக்கச் சொல்வதுபோல
அசைக்கச் சொன்னேன்.
எங்கே, அசை.
இன்னொரு தடவை.

அசைந்தன.